சகல குழாய் வல்லவர்

மார்கழி பிறந்து கடற்காற்றில் இலேசாகக் குளிர்ச்சி ஏறியதும், தலசயனப் பெருமாள் கோயிலின் திருப்பாவை ஒலிபெருக்கி ஓய்வதற்கு முன்பே, மாமல்லபுரத்து ஓரத்தில் உள்ள சவுக்குத் தோப்பு மணலில் வெள்ளை வெளேரென்று ஒரு வண்டி வந்து நின்றுவிடுகிறது. பஸ் என்றால் சிறியது. வேன் என்றால் பெரியது. வீடு என்று சொல்லலாமென்றால் நாலு சக்கரம் தடுக்கிறது. ஆயினும் அதற்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, ஸ்நான அறை உண்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட உண்டு. அதிலிருந்து அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், அரைக்கால் சட்டையும் தேய்ந்த செருப்புமாக, நீலநிற ஓஸ் பைப் ஒன்றைச் சுருட்டிப் பரமசிவன் நாகாபரணம் தரித்த பாவனையில் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவார். எதிரே வங்காள விரிகுடா. இப்பால் கடற்கரைக் கோயில். அப்பால் ஐந்து ரதங்கள். 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களென்று யுனெஸ்கோ அங்கீகரித்த இந்தச் செல்வங்களில் ஒன்றின்மீதும் அவருடைய திருஷ்டி நிலைப்பதில்லை. காவல்காரர் அறைக்குப் பின்புறச் சுவரில், பாசி படர்ந்து, மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீருடன் ஜலதோஷம் பிடித்த குழந்தையைப்போல் நிற்கிறதே ஒரு குழாய், அதன்மீதுதான் போய் நிலைக்கும்.

இவரைத்தான் நான் சகல குழாய் வல்லவர் என்கிறேன். இது ஓர் ஆசாமியின் பெயரன்று. ஒரு வர்க்கத்தின் பெயர். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்விட்ஸர்லாந்து முதலிய தேசங்களில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றியபின், வானப்பிரஸ்தம் போவதற்குப் பதிலாக வண்டி வாங்கி, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று பூமியை அளந்துகொண்டு வந்து, வாழ்நாள் முழுவதும் வலப்பக்கமாகவே ஓட்டிய பழக்கத்தை ஈரானோடு உதறிவிட்டு, வாகா எல்லையில் கார்னே என்னும் சுங்க ஏட்டில் முத்திரை குத்திக்கொண்டு, நம் நாட்டின் இடப்பக்கத்தில் புகுந்தவர்கள். வருஷந்தோறும் பார்த்துவருகிறேன். முகம் மாறுகிறது, பாஷை மாறுகிறது. ஸ்வபாவம் மாறக் காணோம்.

அவருடைய ஞானம் முழுவதும் ஒரு கித்தான் பைக்குள் அடக்கம். அதை அவிழ்த்து மணலில் பரப்பினாரானால் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த இணைப்புகள், பெரியதும் சிறியதுமாக வாஷர்கள், வெள்ளை டெஃப்லான் நாடா, மரையே இல்லாத குழாய்மூக்கிலும் கவ்விக்கொள்ளும் ரப்பர்த் தொப்பி ஆகிய யாவும், தேசவாரியாகச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி, தரிசனம் தரும். எங்கள் பெரியப்பாவிடம் இப்படித்தான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது; அதில் நட்டும் போல்ட்டும் பழைய வாஷரும் கழுத்துவரை நிரம்பியிருக்கும்; ‘என்றைக்காவது உதவும்’ என்பார். அவர் ஆயுள் முடிகிறவரை அந்த என்றைக்காவது வரவில்லை. வல்லவருக்கோ அது தினந்தோறும் வருகிறது. அந்தக் காரணத்தினாலேயே பெரியப்பா முகத்தில் குடிகொண்டிருந்த சாந்தி இவர் முகத்தில் இல்லை.

அவருடைய விசாரத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள மரை சாஸ்திரம் சிறிது தெரிந்திருக்கவேண்டும். 1841-ஆம் ஆண்டில் ஜோஸப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன போக்கில் மரை வெட்டிக்கொண்டிருந்த அராஜகத்தைச் சகிக்காமல், மரையின் கோணம் 55 பாகையாக இருக்கவேண்டுமென்று ஒரு முறை வகுத்தார். உலகம் ஒற்றுமைப்பட்டுவிடுமோ என்று கவலைப்பட்டதுபோல், 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸெல்லர்ஸ் என்பவர் அதை 60 பாகையாக்கினார். நாம் வெள்ளைக்காரனை அனுப்பினோமே தவிர அவனுடைய மரையை அனுப்பவில்லையாகையால், நம் வீட்டு அரை இஞ்சுக் குழாய் இன்றும் விட்வொர்த்தின் வம்சந்தான். அந்த அரை இஞ்சும் ஓர் உபசார வார்த்தையே. அளந்து பார்த்தால் மரையின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்சுக்கும் மேல். எப்போதோ இருந்த உள்துவாரத்தின் அளவை, மிட்டா போன பிறகும் மிட்டாதார் என்று சொல்லிக்கொள்வதுபோல, இன்னும் பட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷ் அரை இஞ்சுக்கும் அமெரிக்க அரை இஞ்சுக்கும் ஓர் இஞ்சுக்குப் பதினாலு மரை என்ற ஒரே ஒரு பொருத்தம் உண்டு. ஆகையால் ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் இரண்டு சுற்று நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்திகளைப்போல் இழைந்து போகும். மூன்றாவது சுற்றில் வரதட்சிணைப் பேச்சு ஆரம்பமாகும். இறுதியில் ஒட்டவும் ஒட்டாமல் விலகவும் விலகாமல் கண்ணீர் வடித்துக்கொண்டே குடித்தனம் நடக்கும். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கல்யாணம் செய்கிற நமக்கு இந்தக் கஷ்டம் விளங்காமல் போகாது. 1968-இல் ஜெர்மனியில் ஊல்ம் நகரத்துக் கார்டெனா கம்பெனியார், ‘கிளிக்’ என்று ஓசைப்படுத்தி மாட்டிக்கொள்ளும் இணைப்பு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வல்லவர் அந்த ஓசைக்காக ஏங்கியே தேசாந்தரம் போகிறவர். ஓங்காரத்தை அவர் அந்த ஸ்வரத்தில்தான் கேட்டிருக்கிறார்.

ஒரு தடவை ஒரு ஜெர்மன் வல்லவருடன் பேச்சுக் கொடுத்தேன். இஸ்ஃபஹானின் நீல ஓட்டு மசூதிகளைப் பற்றி ஆவலாக விசாரித்தால், வாசலில் இருந்த குழாயின் மரை தேய்ந்துபோயிருந்த விவரத்தை வர்ணித்தார். லாகூரா? அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் முக்கால் இஞ்சு. தாஜ்மஹாலைக் கேட்கத் தயங்கினேன், கேட்டேன். ஆக்ராவில் தண்ணீர் வேகம் போதாது என்றார். இதற்குள் அவருடைய மனைவி மடக்கு நாற்காலியில் புத்தகமும் கையுமாக அமர்ந்திருந்தாள். அந்தப் புத்தகத்தைத் துருக்கியில் தொடங்கியிருக்கவேண்டும். புருஷன் குழாயுடன் மல்லுக்கட்டும் நேரங்களை மட்டுமே கொண்டு ஏறக்குறைய முடித்துவிட்டாள்.

அன்று நம் ஊர்க் குழாய் அவருக்கு வைத்த சோதனையைச் சொல்லவேண்டும். குழாய் பிளாஸ்டிக். அதன் மூக்கில் மரை இல்லை. ஒரு காலத்தில் வட்டமாக இருந்தது, வெயிலில் காய்ந்து முட்டை வடிவம் கொண்டுவிட்டது. ரப்பர்த் தொப்பி ஒருபுறம் கவ்வினால் மறுபுறம் பல்லிளித்தது. திருகுவதற்குக் கைப்பிடி கிடையாது. அதற்குக் கட்டிங் பிளேயர் வேண்டும். அந்தப் பிளேயர் காவல்காரரின் இடுப்பில் இருக்கும். மூக்கில் வடிகட்டுவதற்காக யாரோ கட்டிய துணி வேறு. இத்தனையையும் ஒரு மணி நேரம் சிரத்தையாகச் சமாளித்துத் திறந்தபோது, குழாய் ‘புஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

“காலீல ஆறு மணிக்கு மோட்டார் போட்டாத்தான் தண்ணி வரும், தொர” என்றார் காவல்காரர்.

எந்த அளவுக் குழாய்க்கும் அவர் பையில் இணைப்பு உண்டு. ஆறு மணிக்கு இணைப்பு இல்லை. பக்கத்தில் குடத்துடன் வந்த ஓர் அம்மாள், தரையில் பரப்பியிருந்த பித்தளைகளைப் பாத்திரக் கடையைப் பார்ப்பதுபோல் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ஏன்யா, ஒரு கொடத்த வெச்சிப் புடிச்சி ஊத்திக்கினா ஆவாதா?” என்று கேட்டாள். வண்டித் தொட்டி நூறு லிட்டர் கொள்ளும். எட்டு நடை நடந்தால் நிரம்பிவிடும். மொழி தெரியாத குறையால் இந்த யோசனை அவருக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஏற்றிருப்பாரென்று நான் நம்பவில்லை, ஏனென்றால் குடத்துக்கு மரை கிடையாது.

மறுநாள் அவர் செங்கற்பட்டுக்குப் புறப்பட்டார், சரியான இணைப்பு வாங்க. சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் திருக்கழுக்குன்றம், இரண்டு கழுகுகள் நாள்தோறும் வந்து பிரசாதம் உண்டு போன மலை, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் தீர்த்தம். துணைக்குப் போயிருந்த நான் இவற்றையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவர் பார்த்தது குளக்கரையில் இருந்த ஒரு கைப்பம்பை. செங்கற்பட்டில், ஏரிகள் நிறைந்த ஜில்லாவின் தலைநகரில், கொளவாய் ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்க, வல்லவர் ஒரு ஹார்டுவேர் கடையின் இருட்டுக்குள் புகுந்து, காகிதத்தில் படம் வரைந்து, 21 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துக் காட்டினார். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமமாகத் தோற்றமளித்த மூன்று சாமான்களை மேஜைமேல் வைத்து, “இதுல ஒண்ணு கண்டிப்பா ஃபிட்டாயிடும் சார், ஆவலன்னா எடுத்தாந்துடுங்க, மாத்திக்கலாம்” என்றார். இந்த மகா வாக்கியத்தைவிடச் சிறந்த உத்தரவாதத்தை நான் எந்த வாணிபத்திலும் கேட்டதில்லை. மூன்றையும் வாங்கினார். மூன்றும் ஃபிட்டாகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி. மோட்டார் ஓடுகிறது, குழாய் கொட்டுகிறது, வல்லவர் நனைகிறார். இந்தக் காட்சியைப் பல் குச்சியுடன் பார்த்துக்கொண்டிருந்த காவல்காரருக்கு மனம் பொறுக்கவில்லை. தம் சைக்கிளின் காரியரில் சுற்றியிருந்த பழைய டியூபிலிருந்து ஒரு முழம் வெட்டி எடுத்தார். நீல ஓஸ் பைப்பைக் குழாய்மூக்கில் ஒரே அழுத்தாக அழுத்தினார். அதன்மேல் அந்த ரப்பர் நாடாவை இழுத்து இழுத்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல், ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கால் மணி நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது.

வல்லவர் வெகுநேரம் அந்தக் கட்டை உற்றுப் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு, கையில் விட்டமானியுடன், “என்ன அளவு?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“அளவா?” என்று காவல்காரர் யோசித்தார். “இருக்கற அளவுதான்.”

இதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை; இங்கிலீஷிலும் தெரியவில்லை. அதன்பின் அவர் பேனாவைப்போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அதில் விழுந்த எண்ணை எனக்குக் காட்டினார். உப்பு முதலான கரைசல்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது உத்தமம் என்று நம் அரசாங்கத் தர நிர்ணயம் கூறுவதை அந்த எண் மதித்ததாகத் தெரியவில்லை. குடத்து அம்மாள் ஒரு வாய் கொப்புளித்துத் துப்பிவிட்டு “உப்பு” என்றாள். இரண்டு பரிசோதனைக்கும் முடிவு ஒன்றே. இத்தனைக்கும் கொஞ்சம் வடக்கே நெம்மேலியில், 2013-ஆம் ஆண்டிலிருந்து, இதே கடலின் உப்பைக் கழித்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் பிரயாணம் போகிறது. நாங்கள் கேன் வாங்குகிறோம்.

தொட்டி நிரம்பிய நிம்மதியில் அன்று மாலைதான் அவர் முதன்முறையாகச் சிற்பம் பார்க்க வந்தார். ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையின்முன் நிறுத்தினேன். இது பாசுபதாஸ்திரம் வேண்டி அர்ஜுனன் செய்த தபசா, கங்கையை வேண்டிப் பகீரதன் செய்த தபசா என்று பண்டிதர்கள் வெகுகாலமாக வாதாடுவதைச் சொன்னேன். நடுவே நாகர்கள் நீந்தும் பிளவைக் காட்டி, மேலே ஒரு தொட்டி இருந்து, விசேஷ காலங்களில் அதிலிருந்து தண்ணீரை விட்டிருக்கலாமென்று ஆராய்ச்சியாளர் கருதுவதையும் சொன்னேன். வல்லவரின் முகம் மலர்ந்தது. எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று கையை உயர்த்தியிருக்கும் தபசியை ஒரு பார்வை பார்த்தார். பண்டிதர்களின் வழக்கை ஒரு நொடியில் தீர்த்துவிட்டார். ஒரு மனிதன் இப்படி நிற்பதென்றால் தண்ணீருக்காகத்தான் நிற்பான் என்றார். பிறகு, எலிகள் சூழ அதே கோலத்தில் நிற்கும் பூனையைத் தாண்டி, பிளவின் உச்சியை அண்ணாந்து பார்த்து, “எதால் இணைத்தார்கள்?” என்று கேட்டார்.

மாசி பிறந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. காவல்காரர் அந்த டியூபை இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குக் கொடுத்தார். அவர் அதைத் துடைத்து, ஒரு சிறு பையில் போட்டு, ‘இந்தியா’ என்று எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மற்றப் பாதி இன்னும் அந்தக் குழாயின் கழுத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் அன்பர்கள் அவசரத்துக்கு எடுத்து உபயோகிக்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பக் கட்டிவைத்துவிடுங்கள்.