பொருள்: எழ மறுக்கும் மடிக்கணினி – தொடர்பாக

அனுப்புநர்:
விலையில்லா மடிக்கணினி ஒன்றின் காப்பாளர்,
கங்கைகொண்டான், திருநெல்வேலி மாவட்டம்.
(அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் அல்ல. பதில் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டாம்.)

பெறுநர்:
விலையில்லாப் பொருட்களைத் திட்டமிட்டு, வாங்கி, வழங்கி, மறக்கும் உயர் அதிகார பீடம்,
சென்னை.

பார்வை: 15.09.2011 அன்று தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம்.

பெருமதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் அக்கா மகள் பிளஸ் டூ படித்த காலத்தில் தாங்கள் அருளிய மடிக்கணினி, அவள் கல்யாணமாகிப் போனபின் பரணில் ஓய்வெடுத்து வந்தது. இப்போது அவள் தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்திருப்பதால் அதை மீண்டும் பணிக்கு அழைத்தோம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இதை மெக்கானிக்குகள் ‘நோ டிஸ்ப்ளே’ என்கிறார்கள். தங்கள் அலுவலக வழக்கில் ‘பரிசீலனையில் உள்ளது’.

முதலில் போன கடையில் தொட்டுப் பார்க்காமலே, “மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க” என்றார்கள். ஜங்ஷன் பக்கம் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பிதான் நிதானமாக விசாரித்தார். பேட்டரியைக் கழற்றினார். சார்ஜரைப் பிடுங்கினார். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த கொஞ்சநஞ்ச மின்சாரத்தையும் வெளியேற்றினார். வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் படம் இல்லை. ஆகவே குற்றம் திரையின்மேல் இல்லை என்று தீர்ப்பானது. அடுத்து அடிமூடியைத் திறந்து ரேமை உருவினார்.

“அண்ணாச்சி, இது சாகல. காலு கறுத்துக் கெடக்கு. பிள்ளைய பென்சில் அழிக்கிற ரப்பர் இருந்தாத் தாங்க.”

ரப்பரால் நாலு தேய். ரேமைத் திரும்பச் செருகியதும் திரை வெளுத்தது. ஆனால் கடிகாரம், தங்கள் திட்டமே தொடங்காத ஏதோ ஓர் ஆண்டைக் காட்டியது. கடிகாரத்தை ஓடவைக்கும், நாணயம் போலிருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் உள்ளே விடாதாம். சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுமாம். இந்தப் பழக்கத்தை அவை எந்தத் தாலுகா அலுவலகத்தில் கற்றன என்று விசாரிக்க வேண்டுகிறேன். ஐம்பது ரூபாய்க்குள் ஒரு சிஆர் 2032 பேட்டரி; அதுவும் சரியாயிற்று. அதில் இருந்த விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால், லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார்.

ஆக, இது புகார் மனு அல்ல. பத்தாண்டு தாண்டிய பொருள் படுத்துக்கொள்வது இயற்கை. என் வியப்பு வேறு. 2011 தொடங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கினீர்கள். வழங்கிய கணக்கு ஒவ்வொரு மேடையிலும் வாசிக்கப்படுகிறது. அவற்றில் இன்று எத்தனை எழுகின்றன என்பது எந்தக் கோப்பில் இருக்கிறது? ரப்பர் கிடைக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போனவை எத்தனை?

இந்த அலட்சியம் மடிக்கணினியோடு நிற்கவில்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. அந்த மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்த அதே அரசு நிறுவனமான எல்காட், கங்கைகொண்டானில் 500 ஏக்கரில் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தது. கட்டடம் எழுந்தது, விளக்கு எரிந்தது. குடிவந்த நிறுவனங்களோ வெகுகாலம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. சுத்தமான நோ டிஸ்ப்ளே. எங்கள் பிள்ளைகள் அதைத் தாண்டி பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள்.

ஊரில் வேலை எதுவுமே நடக்கவில்லை என்று பழி சொல்லமாட்டேன். 2013-ல் இங்கே புள்ளிமான்களுக்குச் சரணாலயம் அறிவித்தீர்கள், 288 ஹெக்டேர். மான்கள் சௌக்கியம். 4.3 கிகாவாட் திறனுள்ள டாடாவின் சூரியத் தகடு ஆலையும் வந்துவிட்டது. கேட்பது இதுதான்: மானுக்கு ஒதுக்கியதில் மூலையளவாவது மடிக்கணினிக்கு ஒதுக்கக் கூடாதா?

மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நல்ல காரியம். அதைப் பார்க்க மடிக்கணினி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தீர்கள். மகிழ்ச்சி. அவையும் ஒருநாள் கறுக்கும். திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.யிலும் மாநிலத்தின் ஒவ்வொரு அரசு ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு மேசை போடுங்கள். ஸ்குரூடிரைவர், சிமாஸ் பேட்டரி, பழைய ரேம், ஒரு வெளி மானிட்டர், ரப்பர். படிக்கிற பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். திறப்பு விழா வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ரிப்பன் வெட்டியபின் அந்த மேசையில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் அடுத்த மாதம் ஒருமுறை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காப்பாளர்.

இணைப்பு: ரப்பர் – 1. (திருப்பித் தர வேண்டாம்.)