சிறுநாய்ப் பாதுகாப்பியல்: ஒரு தொடக்க ஆய்வு

நாயிடமிருந்து மனிதனைக் காக்க வாசலில் பலகை தொங்குகிறது. மனிதனிடமிருந்து நாயைக் காக்கும் பலகையை எந்த ஊர்க் கேட்டிலும் காணோம். இந்த ஆய்விடைவெளியை இட்டு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப்பொருள்: டைகர் என்னும் வெள்ளைப் பொமரேனியன், எடை 4 கிலோ. ஆய்வுக்களம்: முன்னால் அரளியும் பின்னால் மாமரமும் நிற்கும் ஒரு தனி வீடு.

பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்ட வேண்டும். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிகளையும் அதன் மரபியல் பகுதி ‘குருளை’ என்று ஒரே பட்டியில் அடைக்கிறது. டைகர் தன்னைப் புலி வகையறாவில் சேர்த்துக்கொண்டுவிட்டது. தெருவில் போகும் ராஜபாளையமோ அதை முயல் கணக்கில் வைத்திருக்கிறது. சிறுநாய்க்கு வரும் ஆபத்துகளில் பாதி இந்தக் கருத்து வேறுபாட்டில் பிறப்பவை.

எனவே முதலில் வேலி. கேட்டுக் கம்பிகளின் இடைவெளியை அளப்பது எளிது, நாயை அளப்பதுதான் கடினம். காய்ந்த பொமரேனியனில் பெரும்பகுதி முடி. குளிப்பாட்டி, நனைந்த கோலத்தில் நாடா பிடித்தபோது ஆய்வாளர் திடுக்கிட்டார். மிஞ்சியவை இரண்டு காது, இரண்டு கண், நாலு குச்சிக் கால். அன்றே கேட்டின் கீழ்ப்பாதிக்குக் கோழிவலை கட்டப்பட்டது. கட்டுக்கம்பியின் வெட்டுமுனைகளை வெளிப்பக்கமாக மடக்கிவிட வேண்டும், இல்லையேல் மூக்கு கிழியும். சிலிண்டர் போட வருகிறவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் கோழிவலைக் கோட்பாடு செல்லாது.

அடுத்து தோட்டம். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, காய்ந்த சருகு உட்பட. வெட்டிவிடலாம் என்ற பரிந்துரையை வீட்டின் பூஜைப் பிரிவு ஒருமனதாக நிராகரித்ததால், சுற்றி வலை, தினமும் சருகு கூட்டல் என்று உடன்பாடு ஏற்பட்டது. அழகுக்கு வாங்கிய சைகாஸ் தொட்டி, அதன் விதை ஈரலைக் கெடுக்கும் என்பதால், மாடிக்கு நாடு கடத்தப்பட்டது.

தேரைக்குத் தனிக் கவனம் தேவை. மழை பெய்த மாலையில் தொட்டியடியில் வந்து உட்காரும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு. புலி வகையறா பாய்ந்து கவ்வும், உடனே நுரை தள்ளும். பதறிப்போய் வாய்க்குள் தண்ணீரை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்தெடுத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். தேரைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழைக்கும் அங்கேயே இருக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு வரி: மொட்டைமாடித் தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், அது தாங்கவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது.

இத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை அன்பான ஒரு கை செய்துவிடும் என்பதே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. அதற்கான மந்திரம்: “ஐயோ பாவம், பாத்துக்கிட்டே இருக்கு, ஒரு வாய்தானே.” வீட்டில் ஐந்து பேர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு வாய் என்பது ஐந்து வாய். அதிலும், 60 கிலோ ஆளுக்கு ஒரு கரண்டி என்றால், 4 கிலோ நாய்க்கு அது 15 கரண்டிக்குச் சமம். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்பு வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லெட்டின் தியோபுரோமின் இதயத்தை ஓட ஓட விரட்டும். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் கலக்கும் சைலிட்டால், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வெந்த கோழி எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். கோடையில் மாங்கொட்டை: வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.

முடிவுகள் கூடத்தில் வாசிக்கப்பட்டபோது பாட்டி மறுப்புரை வழங்கினார். “எங்க ஊர்ல மணி பழைய சோறும் மீன்முள்ளும் தின்னுட்டுப் பதினஞ்சு வருஷம் திடமா இருந்துச்சு. யாரு அதுக்கு வலை கட்டுனா?”

தரவைச் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமை. மணி என்ன நிறம் என்று கேட்கப்பட்டது.

“எந்த மணியக் கேக்குற?” என்றார் பாட்டி. “ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். எல்லாத்துக்கும் மணின்னுதான் பேரு.”