மாத்திரையா, கஷாயமா?

கேள்வி: குழந்தைக்காக முயன்று வருகிறோம். மாதவிலக்குத் தேதிக்கு இன்னும் ஒரு வாரம். கடும் ஜலதோஷம். கணவர் 'கோல்டு மாத்திரை' வாங்கி வந்திருக்கிறார். மாமியார் ஆடாதோடைக் கஷாயம் வைத்திருக்கிறார். எதைக் குடிப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருவரின் அன்பையும் வாங்கிக்கொள்ளுங்கள்; இருவர் கொடுத்ததையும் ஓரமாக வையுங்கள். கரு தங்கியிருந்தாலும் உங்களுக்கே தெரியாத நாட்கள் இவை. கர்ப்பிணி என்றே நினைத்து நடங்கள்.

கோல்டு மாத்திரை ஒரு கூட்டுக் குடித்தனம். பாராசிட்டமாலோடு மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் உள்ளே இருக்கும். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும். முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கச் சொல்வார்கள். காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தனிப் பாராசிட்டமால் போதும். ஐப்யூப்ரோஃபென் வேண்டாம். பின்னாளில், 20 வாரத்துக்கு மேல், அது சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரையே குறைக்கக்கூடும்.

ஆடாதோடை இருமலுக்குப் பேர்போன மூலிகைதான். ஆனால் அதிலுள்ள வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். உங்கள் மாமியார் பேரப்பிள்ளைக்குத்தானே காத்திருக்கிறார்! காரணத்தைச் சொன்னால் அவரே அடுப்பை அணைத்துவிடுவார். பதிலாக மிளகு ரசம் வைக்கச் சொல்லுங்கள்.

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு, அப்புறம் நல்ல தூக்கம். ஜலதோஷம் தரும் வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே ஒரு மாத்திரை விழுங்கியிருந்தால் பதற வேண்டாம். அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.