வெந்நீர் மாப்பிள்ளை

தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பிள்ளை முகம் பார்த்த தலைமுறையா நீங்கள்? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாமனார் வீட்டுப் புறவாசலில் எழும் அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே நமக்கு அனுமதி கிடையாது என்பதும்.

1989-ல், பாளையங்கோட்டையில், எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா வெந்நீர். விறகடுப்பை ஊதி, அண்டா கொதித்ததும் வாளியில் மொண்டு, வாசற்படி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் உள்ளே குளிப்பாட்டுகிற ஆச்சி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, சேலையை முழங்காலுக்கு மேல் வழித்துச் செருகிக்கொண்டு, மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருப்பாள். அந்தக் காலே தொட்டில், அதுவே மேஜை, அதுவே பள்ளிக்கூடம். "மாப்ளே, அங்கனயே வச்சிட்டுப் போங்க" என்று குரல் மட்டும் வரும்.

போவேனா? கதவிடுக்கு எதற்கு இருக்கிறது? வெந்நீரில் மிதக்கவிட்டிருந்த கிண்ணத்திலிருந்து தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி, நடு நெஞ்சில் ஆரம்பித்து இருபுறமும் வழித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை உருவி, வலது கையையும் இடது காலையும் வயிற்றுக்கு மேல் சந்திக்கவைத்து, அப்புறம் மாற்றி, குப்புறக் கவிழ்த்து முதுகை நீவி, மறுபடி திருப்பி மூக்கைக் கிள்ளி நீட்டி, தலையை உருட்டி, கடைசியில் கணுக்காலைப் பிடித்து ஒருதரம் தலைகீழாகத் தூக்கியபோது என் உயிர் என்னிடம் இல்லை. பிள்ளையோ வீரிட்டு அழுதுவிட்டு, பயத்தமாவும் மஞ்சளும் போய், சாம்பிராணிப் புகை காட்டி முடிவதற்குள் உலகத்தை மறந்து தூங்கிப்போனாள். அந்தத் தூக்கம் இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது?

நானோ அப்போது டாக்டர் ஸ்பாக் எழுதிய தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை மதுரையில் வாங்கிப் பையில் சுமந்துகொண்டு அலைந்த பகுத்தறிவாளன். 1946-ல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம், பாளையங்கோட்டைக்கு என் மூலமாக வந்து சேர்ந்திருந்தது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது என்று ஆச்சியிடம் ஒருநாள் வாசற்படியில் நின்று அறிவித்தேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "ஒங்க மூக்கயும் எவளோ ஒருத்தி இழுத்து விட்டிருக்கா மாப்ளே, அதான் கண்ணாடி வழுக்காம நிக்கு." மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். இத்தனைக்கும் மூக்கு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து, புகை பிஞ்சு மூச்சுக்கு ஆகாது என்றுதான் குழந்தை டாக்டர்கள் இன்றைக்கும் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். சரியாகச் சொன்னதற்காக யார் யாரை மதித்தார்கள்?

எனக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. நான் கதவிடுக்கில் கண்ணை வைப்பதற்குப் பல வருஷம் முன்பே, பிரெடரிக் லெபோயே என்ற பிரெஞ்சுப் பிரசவ டாக்டர், கல்கத்தாவில் ஷாந்தலா என்ற தாய் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து மயங்கி, படம் பிடித்து, 1976-ல் அவள் பெயரிலேயே புத்தகம் போட்டுவிட்டார். 1973-ல் இங்கே ஓர் அநாதை இல்லத்தில் வேலை பார்த்த விமலா மெக்லூர் என்ற அமெரிக்கப் பெண்மணி, இதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பாடத்திட்டமாக்கி, சங்கமும் கண்டார். 1986-ல் அமெரிக்காவில், குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று வேளை, பதினைந்து பதினைந்து நிமிஷம், பத்து நாள் நீவிவிட்டதில், நீவாத குழந்தைகளைவிட 47 சதவீதம் வேகமாக எடை ஏறியதாக டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும் எழுதினார்கள். பிரெஞ்சுக்கார ஆம்பிளைக்குக் கல்கத்தாவில் கிடைத்த இடம், சொந்தப் பிள்ளையின் அப்பனுக்குப் பாளையங்கோட்டையில் கிடைக்கவில்லை.

அன்றைக்குத் தலைகீழாகத் தொங்கினவள் இன்றைக்குப் பெங்களூரில் ஒரு பெண்ணுக்குத் தாய். குளிப்பாட்ட ஆச்சி இல்லை. கால் நீட்டி உட்கார என் மனைவிக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் மாப்பிள்ளை, ஆபீசில் பிள்ளைப்பேறு லீவு வாங்கிக்கொண்டு, பணம் கட்டிப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் வகுப்புக்குப் போகிறார். நான் ஒருநாள் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை எந்தக் குழந்தையையும் தொடுவதில்லை. அவர் கையில் ஒரு பொம்மை. எதிரே, தாடியும் டீஷர்ட்டுமாக வளர்ந்த ஆண்பிள்ளைகள் பாயில் வரிசையாகச் சம்மணமிட்டு, தங்கள் வாரிசுகளின் தொடையை உருவிக்கொண்டிருந்தார்கள். அந்த உருவலுக்கு 'இந்தியன் மில்கிங்' என்று பெயராம்! வயிற்றில் வாயு கலைய ஐ, எல், யூ என்று எழுத்துப் போட்டு நீவுகிறார்கள். ஆச்சி கொப்பூழைச் சுற்றிப் பெருங்காயத்தைத் தடவிவிட்டு எந்த எழுத்தும் போடாமல் அதே திசையில்தான் நீவுவாள். சிரிக்கத்தான் போனேன். ஆனால் என் மாப்பிள்ளையின் கை, முதலில் கண்ணாடிச் சாமானைத் தொடுவதுபோல் நடுங்கிய அந்தக் கை, கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு தாளம் பிடித்துக்கொண்டதையும், பேத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்ததையும் கண்டபோது சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. என் பெண்ணின் முதுகு அந்த வயதில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அண்டா எத்தனை குடம் பிடிக்கும் என்று தெரியும்.

மறுநாள் வீட்டில், "நானும் ஒரு கை பார்க்கட்டுமா?" என்றேன். மாப்பிள்ளை தாராளமாக நகர்ந்து இடம் கொடுத்தார். எண்ணெயை ஊற்றிக்கொண்டு குனிந்தேன். "மாமா, ஒரு நிமிஷம். முதல்ல பர்மிஷன் கேக்கணும்." எப்படி? இரண்டு உள்ளங்கையையும் குழந்தையின் காதருகே தேய்த்துச் சத்தம் கேட்கவைத்து, தேய்க்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம். கேட்டேன். மாமனார் வீட்டில்கூட அவ்வளவு பணிவாக நான் எதையும் கேட்டதில்லை. பேத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு விக்கல் எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"விக்கல் எடுத்து முகத்தைத் திருப்பினா இப்ப வேண்டாம்னு அர்த்தம், மாமா" என்றார் மாப்பிள்ளை, செல்போனில் குறிப்பைச் சரிபார்த்துவிட்டு.

ஊற்றின எண்ணெய் வீணாகக் கூடாதே என்று என் முழங்காலில் தேய்த்துக்கொண்டேன்.