இரும்புக்கை மாயாவி கண்டியில் தோன்றியதும் தோன்றாததும்: ஒரு கணக்கெடுப்பு

இரும்புக்கை மாயாவி வரும் கொமிக்ஸ் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சேர்த்துவிடுவதென்று கண்டியில் கிளம்பும் ஆய்வாளருக்கு முதல் இடர் பணத்தால் வருவதில்லை, இலக்கணத்தால் வருகிறது. 'தோன்றுதல்' என்றால் என்ன? மின்சாரம் உடம்பில் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோய், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அவர் தோன்றாமல் இருப்பதுதான் கதையே.

இதில் இரு கட்சிகள் உண்டு. கை தெரிந்தாலே ஆள் தோன்றியதாகக் கொள்வது கைக்கட்சி. மூக்கும் முழியும் தெரிந்தால்தான் கணக்கு என்பது மெய்க்கட்சி. மெய்க்கட்சியின் கணக்கில், கதை சூடுபிடிக்கும் பக்கங்களில் எல்லாம் கதாநாயகர் விடுமுறையில் இருக்கிறார். இங்கிலாந்தின் 240 வோல்ட்டில் மறைந்தவர் கண்டியின் 230 வோல்ட்டில் முழுதாக மறைவாரா, காது மடல் மட்டும் மிஞ்சுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

வரலாறு ஒப்பீட்டளவில் தெளிவு. 1962 ஒக்டோபர் 6 அன்று 'வேலியண்ட்' என்ற ஆங்கில வார இதழில், ஆய்வுகூட விபத்தொன்றில் வலக்கை இழந்த உதவியாளராக, லூயிஸ் கிராண்டேல் என்ற பெயரில், மாயாவி அறிமுகமானார். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் பார்சலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்தாண்டு கழித்து, 1972இல், சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான்.

நேரம்தான் சரியில்லை. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அவரது கட்சியின் தேர்தல் சின்னமும் கை. ஆக, ஒரு கையின் ஆட்சியில் இன்னொரு கை மறைந்திருக்க நேர்ந்தது. இதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் வருகிறவரின் பெட்டியில், வேட்டி சேலைக்கு நடுவே வந்தால்தான் உண்டு. எதிர்த்திசையில் அதே கப்பலில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, கண்டிப் பகுதித் தோட்டங்களின் சனம் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளில் என்ன இருந்ததென்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது. அடுத்த சிக்கல் வந்தது. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், லீ ஃபால்க் 1936இல் படைத்த பேண்டத்தைப் பின்னாளில் 'முகமூடி வீரர் மாயாவி' ஆக்கிவிட்டது. முத்து காமிக்ஸில் அவர் வேதாளர், வங்காளத்தில் அரண்யதேவ். மறையத் தெரிந்தவருக்கு மாயாவி என்ற பெயர் தகும். பேண்டமோ இறுக்கமான உடுப்போடு, வெள்ளைக் குதிரையில் ஏறி, ஊரறிய வருகிறவர். அவருக்கு இந்தப் பெயர் சூட்டியதற்குத் தொல்காப்பியத்திலும் விதி கிடையாது.

கண்டியின் ஈரத்தையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலம் ஒன்றைப் பெட்டிக்குள் கழித்த புத்தகம் அட்டையைத் துறந்துவிடுகிறது. அதற்கஞ்சி முன்யோசனைக்காரர்கள் ஐந்தாறைச் சேர்த்து பைண்ட் செய்து வைத்தார்கள். பைண்ட் செய்தவர் ஓரத்தைச் சீராக வெட்டும்போது கடைசிக் கட்டமும் போனது. அட்டை, தலைப்பு, முடிவு மூன்றுமற்ற பிரதியில் கதையை இனங்காணப் பிளாஸ்கோவின் நிழற்கோடுகளே சான்று. கல்வெட்டு ஆய்வாளர் பாடு இதைவிட இலகு. கல்லைக் கறையான் தின்பதில்லை.

இவ்வளவையும் வரையறுத்துக்கொண்டு ஆய்வாளர் மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போகிறார்.

"மாயாவி இருக்கா நானா?"

"எந்த மாயாவி தம்பி? கையா, முகமூடியா?"

பல்லாண்டு ஆய்வின் சாரம் நாலு சொல்லில் முடிந்த அதிர்ச்சியில், "ராணி, முத்து, எது இருந்தாலும் தாங்க" என்கிறார் ஆய்வாளர். நானா உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் 'ராணிமுத்து' நாவல்கள்.