கம்பெனி வக்கீல், நாமக்கல் வகை

நாமக்கல் பக்கத்துச் சட்ட மாணவர்களில் ஒரு வகையினர் மூன்றாம் ஆண்டுவரை மற்றவர்களைப் போலவே இருப்பர். நான்காம் ஆண்டில் கறுப்புக் கோட்டு உள்ளே போய் நீலக் கோட்டு வெளியே வரும். அடுத்து, சாப்பாட்டு வேளையில் ‘டியூ டிலிஜென்ஸ்’ (ஒரு கம்பெனியை வாங்குமுன் அதன் கணக்கு வழக்குகளைச் சோதிப்பது) என்ற சொல் உதிரும். லாரி வைத்திருக்கும் வீட்டில் டியூ என்றால் மாதத் தவணை. "டியூ கட்டறதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ வக்கீலுக்குப் படி கண்ணு" என்பார் தந்தை.

நாமக்கல்லுக்கு அரசு சட்டக் கல்லூரி 2019-ல்தான் வந்தது. மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்க முதலில் இறங்குவது பெங்களூரு போன்ற இடங்களின் தேசியச் சட்டப் பள்ளிகளில். எனவே இவ்வகையினர் இன்டர்ன்ஷிப் கேட்டு நாளுக்கு நாற்பது மின்னஞ்சல் அனுப்புவர். ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று இயந்திரம் போடும் பதிலையும் பிரிண்ட் எடுத்து வைப்பவர் உண்டு.

"கம்பெனி வக்கீல்னா கோர்ட்டுக்கு எப்பப் போவே?"

"போகவே வேண்டியதில்லீங்கப்பா."

கோர்ட்டுக்குப் போகாத வக்கீல், ரோட்டில் ஓடாத லாரி மாதிரி. தந்தைக்கு அது பிடிபடாது. தாய்மாமன் நடுவே புகுந்து, ராஜாஜியே 1900-ல் சேலத்தில்தான் தொழில் தொடங்கினார் என்பார். மருமகனிடம் எதிர்க்கணக்குத் தயாராக இருக்கும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரவேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதைச் சீனியரிடம் போய்க் கேட்கும் ஜூனியர் யார் என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை.

பெருமைக்காக, அமர்சந்த் மங்கள்தாஸ் என்ற மாபெரும் சட்ட நிறுவனத்தை 2015-ல் அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்துக்கொண்ட கதையையும் இவ்வகையினர் எடுப்பதுண்டு. "பாகப்பிரிவினையா? நம்மூரு வக்கீலே முடிச்சிருப்பாரே" என்று தந்தை சொன்னதும் கதை நின்றுவிடும்.

வேலை கிடைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மும்பையில் இரவு ஒரு மணி. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி தன் லாரிக் கடன்களை மொத்தமாக இன்னொன்றுக்குக் கைமாற்றும் பத்திரம் மேசையில் கிடக்கும். அட்டவணையில் டி.என். 28, டி.என். 34 என்று நாமக்கல் பக்கத்து வண்டி எண்கள் வரிசையாக வரும். பேனா ஓரிடத்தில் நிற்கும். உடனே ஊருக்கு ஒரு போன்:

"அப்பா, நம்ம வண்டிக்கு டியூ எத்தனை பாக்கிங்க?"