கிராபிக்ஸ் கார்டுக்கு ஈரப்பதத் தளர்வு கோரும் விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய வாரண்டி நிராகரிப்புத் துறைத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு,

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரன் எழுதிக்கொள்வது. தங்கள் நிறுவனத்தின் திருநாமத்தை இங்கே குறிப்பிடவில்லை. அவ்வளவு பெரிய பெயரை எழுதும் யோக்கியதை என் பேனாவுக்குக் கிடையாது. தவிர, தங்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் பில் மட்டும்தான் இருக்கிறது.

செத்துப்போனதால் நான் கூரியரில் அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு, அதே அட்டைப்பெட்டியில், என் செலோடேப்பின் மேல் தங்கள் செலோடேப்பும் சேர்ந்து, பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு தாள்: துரு காணப்படுகிறது, வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது. ஆதாரமாக ஒரு போட்டோ, துருவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவனைப் போட்டோவைக் காட்டியே குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். அதுவும் ஃபோகஸ் இல்லாத போட்டோ. கார்டின் தகடு மங்கல், பின்னால் மேஜையில் இருந்த டீ கிளாஸ் பளிச். வைட் பேலன்ஸும் தப்பு, எல்லாமே செம்மஞ்சள். மகனின் பழைய லேப்டாப்பில் போட்டு நிறத்தைச் சரிசெய்து பார்த்தேன். துருவில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்காகத்தான் இந்த விண்ணப்பம்.

விளக்கம் கேட்டுப் போன் போட்டேன். "உங்க ஊர்ல ஹியூமிடிட்டி ஜாஸ்தி சார். நீங்கதான் பார்த்து வெச்சிருக்கணும்" என்றார் தங்கள் சேவை மையத்துத் தம்பி. எப்படித் தம்பி பார்த்து வைப்பது என்றேன். "ஏசி ரூம்ல வைங்க சார்" என்றார். எங்கள் வீட்டில் ஏசி ரூம் இருந்தால் அதில் முதலில் என் மாமியார்தான் இருப்பார்.

ஆக, ஈரப்பதம். ஐயா, அந்த வார்த்தையை யாரிடம் வந்து சொல்கிறீர்கள்? காவிரி டெல்டாவில் பிறந்த பிள்ளை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வதே அதைத்தான். 17 சதவீதம். அதற்கு மேல் மீட்டர் காட்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். திருப்பிக் கொண்டுபோய் ரோட்டில் காயப்போட வேண்டும். மழை வருஷங்களில் மத்திய அரசு மனமிரங்கி 19, 20 என்று தளர்த்தியதுண்டு. 2025 குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டபோது மாநில அரசு 22 கேட்டது. மத்தியக் குழு வந்து பார்த்தது, மாதிரி எடுத்துக்கொண்டு போனது. 22 கிடைக்கவில்லை.

டெல்லியில் கிடைக்காத அந்த 22ஐத் தங்கள் திருவடியில் கேட்டுப் பெறலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

நெல்லுக்காவது அச்சடித்த அட்டவணை என்று ஒன்று உண்டு. சேதமானது, நிறம் மாறியது, முளைவிட்டது எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் வரை போகலாம். கருக்காய் 3 சதவீதம் வரை. கல், மண்ணுக்குக்கூட 1 சதவீதம் இடம் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் அட்டவணையில் துருவுக்கு எத்தனை? பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் படித்தேன். உள்ளே இருந்த குட்டிப் புத்தகத்தையும் லென்ஸ் வைத்துப் படித்தேன். இந்தக் காற்றில் வைக்கலாம், இந்தக் காற்றில் வைக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. விற்கும்போது கடையில் யாரும் மீட்டர் வைக்கவில்லை. வரி மட்டும் 18 சதவீதம் வாங்கினார்கள். கவனியுங்கள், 17ஐவிட ஒன்று அதிகம். அதை மட்டும் திருப்பி அனுப்பாமல் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டீர்கள்.

இந்தக் கார்டை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு எஜமானர்கள். பகலில் எனக்கு ஆல்பம் வேலை, ராத்திரி மகனுக்கு கேம். அவனுக்கு மானிட்டர் 144 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். எனக்குத் திருபுவனம் பட்டின் அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும். மலிவான கேமிங் மானிட்டரில் டிஎன் பேனலைப் போட்டிருப்பார்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் அரக்கு செங்கல் ஆகிவிடும். பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டி "இது எங்க புடவையே இல்லையே" என்று சொன்னால் பாக்கிப் பணம் அதோடு சரி. எஸ்ஆர்ஜிபி முழுசாக வரும் ஐபிஎஸ் பேனல்தான் வேண்டும் என்று நான் நின்றேன், 144 என்று அவன் நின்றான். இரண்டும் சேர்ந்தது கிடைத்தது. விலையும் இரண்டும் சேர்ந்ததாகவே இருந்தது.

பிராசஸரில் சண்டை வரவில்லை. போட்டோஷாப்புக்கு நிறைய கோர் இருப்பதைவிட இருக்கிற கோர் வேகமாக இருப்பது முக்கியம். விளையாட்டுக்கும் ஏறக்குறைய அதேதான். ஆறு கோர் ரைசனில் அப்பனும் பிள்ளையும் சமாதானம். ரேமில் அவன் 16 ஜிபி போதும் என்றான். லைட்ரூமையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்து ஆல்பத்தின் ஒரு விரிப்பில் படங்களை அடுக்கிப் பார்த்தால் 16க்கு மூச்சு முட்டுவது தெரியும். 32 போட்டேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது என்பதை டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பம்புசெட்டுகள் சேர்ந்து ஓடும் நேரத்தில் 230 வோல்ட் என்பது எங்களுக்கு ஓர் ஆசை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கம்பங்களைப் படுக்கவைத்த பிறகு கரண்ட் என்பதே ஓர் ஆசையாக இருந்தது. அதனால் யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கினேன்.

மிச்சம் வைத்த காசு முழுவதும் தங்கள் கார்டுக்குப் போனது. மண்டபத்து இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி விழும். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் அதை அழகாகத் துடைத்துக் கொடுக்கிறது. ஆனால் பாரம் கிராபிக்ஸ் கார்டின் தலையில். நல்ல கார்டானால் ஒரு படத்துக்குச் சில நொடி, இல்லாவிட்டால் நிமிஷக்கணக்கு. ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை படம் என்று தாங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் 12 ஜிபி கார்டு. அதைவிட மலிவான கார்டு பக்கத்திலேயே இருந்தது. மூன்று வருஷ வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் தங்களுடையதை எடுத்தேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். துரு இருப்பது கேபினெட்டில் திருகி மாட்டும் அந்த இரும்புத் தகட்டில். அந்தத் தகடு படம் வரைவதில்லை. அதில் சிப் இல்லை, நினைவகம் இல்லை. தகட்டு ஓரத்தில் துரு இருந்ததால்தான் சிப் செத்தது என்று எந்த இன்ஜினியர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்? ஒருத்தரும் போடவில்லை. கார்டைச் சோதித்ததற்கு ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. திறந்தார்கள், பார்த்தார்கள், வட்டம் போட்டார்கள், மூடினார்கள். சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை, தூத்துக்குடி வரை கடலோரம் பூராவும் கடை வைத்து விற்கத் தெரிகிறது. கடல் காற்றைத் தாங்கும் தகடு போடத் தெரியவில்லையா? முலாம் பூசுவதில் மிச்சம் பிடித்தது நீங்கள், சேதம் பண்ணியவன் நானா?

மன்னிக்க வேண்டும். குரல் உயர்ந்துவிட்டது. இதுவும் ஈரப்பதத்தின் கோளாறுதான். 17க்கு மேல் போனால் எங்களுக்கும் கொஞ்சம் சூடு ஏறும்.

தங்கள் ஞானத்திடம் ஒரு சந்தேகமும் கேட்க வேண்டியிருக்கிறது. இதே ஊரில், இதே காற்றில், சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் நூற்றாண்டுகளைக் கடந்து இருக்கின்றன. வெறும் பனையோலை. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பாதுகாக்கிறார்கள். தங்கள் கார்டுக்கும் அதைத் தடவலாமா? தடவினால் அதுவும் வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் ஆகிவிடுமா? அல்லது நெல்லோடு நெல்லாகப் பட்டுக்கோட்டை ரோட்டில் காயப்போடட்டுமா? கார்டைக் காலால் கிளறிவிட ஆள் வைத்துக்கொள்கிறேன். லாரி ஏறினால் மட்டும் தாங்கள் பொறுப்பேற்க வேண்டும்.

தம்பி ஓர் ஆலோசனையும் சொன்னார்: "புதுசே வாங்கிடுங்க சார், இப்ப நல்ல மாடல் வந்திருக்கு." நல்ல மாடல் வந்திருப்பது எனக்கும் தெரியும். விலையும் வந்திருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து நினைவகச் சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை மடங்கு மடங்காக ஏறியது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில், ஏறத்தாழ முப்பது வருஷமாகக் கடைகளில் விற்றுவந்த குரூஷியல் ரேமையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டில் இருப்பதும் நினைவகம்தானே, அது மட்டும் விரதம் இருக்குமா? நான் 32 ஜிபி வாங்கிய விலைக்கு இன்று என்ன கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஈரமே இல்லை. தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. அட்வான்ஸ் வாங்கியாயிற்று. புதுசு வாங்கு என்று சொல்கிறவர் என் கடனைக் கட்டுவாரா?

ஆகவே சமூகம், தயவுகூர்ந்து, தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு மட்டுமாவது கிராபிக்ஸ் கார்டின் ஈரப்பத வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தி ஆணையிட வேண்டுகிறேன். அதற்கு முன் ஒரு குழுவை அனுப்பினால் நல்லது. மாதிரி எடுத்துக்கொள்ளட்டும், எங்கள் தெருவிலேயே கார்டுகள் இருக்கின்றன. தளர்த்த முடியாது என்றால், இனி விற்கும் பெட்டியின் மேல் "காவிரிப் பாசனப் பகுதிகளில் செல்லாது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். மூன்று வருஷம் என்று போட்டீர்களே, அதே அளவு எழுத்தில்.

இரண்டும் ஆகாது என்றாலும் பாதகமில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மாவட்ட ஆணையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மனு எழுதி வைத்திருக்கிறேன். விசாரணை ஐப்பசியில் வந்தால் விசேஷம். ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் தங்கள் சட்டைக் காலர் 22ஐத் தாண்டிவிடும். ஆனாலும் தங்களை நாங்கள் வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
18 சதவீதத்தை ஒரு பைசா குறையாமல் கட்டிய
தங்கள் பணிவுள்ள வாடிக்கையாளன்

இணைப்பு: பில் நகல். அசல் காயப்போட்டிருக்கிறது.